எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓட்டு

அப்பாவும் மாமாவும் ஒரே மேசையில் நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்பா எங்கள் கரும்புத் தீவில், சென்ட்ர் டி ஃப்ளாக் என்ற ஊரில் அரசாங்கக் குமாஸ்தா. மாமா, அம்மாவின் அண்ணன், கரும்பு வெட்டுபவர். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்று சிறைக்குப் போய் வந்தவர். எல்லாருக்கும் ஓட்டு வேண்டும், உடனே வேண்டும் என்பது அவர் கட்சி.

"டூஸ்மான், மெல்ல மெல்ல, மச்சான். மெல்ல வர்றதுதான் நிலைக்கும்" என்பார் அப்பா.

"மெல்ல மெல்லன்னு காத்திருந்தே எங்கப்பா போய்ட்டாரு, மாப்பிள்ளை" என்று மாமா தட்டைத் தள்ளுவார். யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் நான் நாற்காலியில் நெளிவேன்.

உலகப் போர் முடிந்து சில வருடங்களில் புதுச் சட்டம் வந்தது. ஏதாவதொரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு, பெண்களுக்கும் உண்டு. பெயர் பதியும் நாளன்று மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே வந்து அம்மாவை அவசரப்படுத்தினார். ஒன்பது வயதான நானும் ஒட்டிக்கொண்டேன்.

கோயில் பள்ளியில் கற்ற தமிழில் அம்மா இரண்டு வரி எழுதினாள். கோணல்தான், அதிகாரி தலையாட்டினார். அடுத்து மாமா கையெழுத்துப் போட்டார். அதிகாரி ஒரு வரி எழுதச் சொன்னார். மாமா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கூட்டங்களில் மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு அதற்கு மேல் ஓர் எழுத்தும் தெரியாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அப்பா ஜெயித்துவிட்டார் என்றெண்ணி அவரிடமே ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நேராக அதிகாரியிடம் போனார். சிவந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"ஜெயிலுக்குப் போனவனுக்கு இல்லாத ஓட்டு எனக்கு எதுக்கு? அந்தச் சட்டத்தையே கிழிச்சுப் போடணும்!"

"சும்மா இருங்க, மாப்பிள்ளை" என்றார் மாமா. "தங்கச்சிக்காவது கிடைச்சிருக்கு. அதையும் கெடுத்துடாதீங்க. அடுத்த தடவைக்குள்ள நான் எழுதக் கத்துக்கறேன்."

அன்றும் சண்டைதான். ஆனால் யார் எதைப் பேசுகிறார் என்று எனக்குத் தலை சுற்றியது.

ஓட்டுப் போடும் நாளில் மாமாவும் எங்களோடு வந்தார். அப்பாவும் அம்மாவும் உள்ளே போனார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே, வெயிலில் நின்றார். முதலில் வந்த அப்பா, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் தெருவையே பார்த்தார். பிறகு அம்மா வந்தாள். யாருக்குப் போட்டாய் என்று மாமா கேட்கவில்லை.

"பெட்டி பெருசா இருந்துச்சா?" என்றுதான் கேட்டார்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. திருவிழா போல் எல்லாரும் உடுத்தி வந்த நாளில் இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு ஒரே எரிச்சல். வீட்டுக்குப் போகலாம் என்று மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.