கொக்கியில் ஓடிய விரிசல்

இரும்பில் விரிசல் எப்படி ஓடும், எங்கே நிற்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. "ஏசி ரூம்ல உக்காந்துட்டு இரும்ப ஒடைக்கறா" என்று அண்ணன் கேலி செய்வான்.

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். போன மழைக்காலத்தில் தேங்காய் ஏற்றிய டிரெய்லர் வாய்க்கால் மேட்டில் ஏறும்போது, அதை டிராக்டரோடு பிணைத்திருந்த கொக்கி முறிந்தது. பின்னால் உருண்ட டிரெய்லரின் சக்கரத்துக்குக் கல் வைக்க அண்ணன் குதித்து ஓடினான். அவன் மேலேயே அது ஏறிவிட்டது.

அப்பா அழவில்லை, திட்டினார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "வண்டிய ஒழுங்காப் பாத்திருந்தா இப்பிடி ஆகுமுங்களா? சோம்பேறிப் பய" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவனால் பதில் சொல்ல முடியாது. நான் சொல்கிறேன் என்று முறிந்த கொக்கியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

உடைந்த இடத்தை அளந்து, அதே கொக்கியைக் கம்ப்யூட்டரில் வரைந்து, பாரத்தை ஏற்றி ஏற்றி இறக்கினேன். வெல்டிங் ஓரத்தில் மயிரிழையாகத் தொடங்கிய விரிசல் மெதுவாக ஊர்ந்து, கடைசியில் ஒரே ஓட்டமாக ஓடியது. கையிலிருந்த கொக்கித் துண்டில், விரிசல் தொடங்கிய இடத்தை நீலப் பெயிண்ட் அடுக்கடுக்காக மூடியிருந்தது. விரிசலுக்குள்ளேயும் கொஞ்சம் இறங்கியிருந்தது; பெயிண்ட் அடித்தபோதே விரிசல் இருந்திருக்கிறது. வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர் அப்பாதான். அந்த வேலையை வேறு யாரையும் தொட விடமாட்டார்.

ஊருக்குப் போனேன். "அண்ணன் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். அப்பா கொக்கித் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"பெயிண்டுக்கு அடியிலயா இருந்துச்சு விரிசலு, சாமி?"

எதற்குத்தான் இந்த வேலையில் இறங்கினோமோ என்றிருந்தது.

"முன்னாலயே தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்கலாமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. லேப்டாப்பைத் திறந்து, விரிசலை நிறுத்தப் பட்டறையில் செய்வதுபோல் அதன் நுனியில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டு, மறுபடி பாரத்தை ஏற்றிக் காட்டினேன். விரிசல் ஓட்டைவரை வந்து நின்றது. கொக்கி தாங்கியது. அப்பா திரைக்கு வெகு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"அப்ப வண்டி மேடேறி ஊட்டுக்கு வந்திருக்குமா?"

"வந்திருக்குமுங்கப்பா."

அண்ணன் போனபிறகு முதல்முறையாக அப்பா அழுதார். கண்ணைத் துடைக்காமலே, "இன்னொருக்காப் போட்டுக் காட்டு சாமி" என்றார்.