கண்டக்டர் கையில் வந்த பிளான்கள்

அவன் வரைந்த கோட்டில் ஒரு குறை கண்டுபிடிக்க ஏழு மாதம் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். உத்திரமேரூரில் கட்டடங்களுக்கு பிளான் போட்டுக் கொடுக்கும் ஒரு ஆபீசில் நான் டிராப்ட்ஸ்மேன். முதலாளி சர்க்கார் வேலையிலிருந்து ரிடையரான இன்ஜினீயர். அவர் பென்சிலில் நாலு கட்டம் கிறுக்கித் தருவார். சுவர் கனம், ஜன்னல் அளவு, படிக்கட்டு, கூரைச் சரிவு, சன்ஷேடு எல்லாவற்றையும் முடிவு செய்து, கொத்தனார் பார்த்துக் கட்டுகிற மாதிரி வரைவது நான். எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

வேலை அதிகமானதும் முதலாளி காஞ்சிபுரத்தில் ஒருவனைப் பிடித்தார். ஆபீசுக்கு வரமாட்டான். தன் வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்து, தாளைச் சுருட்டி, சணல் கட்டி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவான். அதை பஸ் ஸ்டாண்டு போய் வாங்கி வருவதும் என் தலையில் விழுந்தது.

"இன்னா சார், வரையறது அவரு, சொமக்கறது நீயா?" என்று கண்டக்டர் கேட்பான். பக்கத்தில் டீ குடிப்பவர்கள் சிரிப்பார்கள். செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

ஆபீசுக்கு வந்ததும் அவன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். மையில் தப்புப் போனால் பிளேடால் சுரண்டித்தான் திருத்த வேண்டும். என் தாள்களில் அந்தச் சொரசொரப்பு பத்து இடத்தில் இருக்கும். அவன் தாளில் ஒன்றுகூட இருக்காது. எழுத்து அச்சில் போட்டது போல. முதலாளி அதைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். என்னுடையது ஒன்றைக்கூட அவர் மாட்டியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

காவாந்தண்டலம் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட பிளான் கேட்டு வந்தார்கள். நாலு வகுப்பறை. முன்பெல்லாம் முதலாளி அவனை நேரில் பார்த்து விளக்கிச் சொல்லித்தான் வேலை கொடுப்பார். இந்த முறை அவருக்குக் காய்ச்சல். அவர் கிறுக்கிய தாளை நானே அனுப்பினேன்.

எங்கள் ஆபீசில் வடக்குக் குறி போடுகிற வழக்கம் இல்லை. தெரு எப்போதும் தாளின் அடிப்பக்கம் வரும், அவ்வளவுதான். அது எந்தத் திசைத் தெரு என்பது எனக்கும் முதலாளிக்கும் தெரியும். சைட்டுக்குப் போகிறவர்கள் நாங்கள்தானே.

ஒரு வாரத்தில் பென்சிலில் வரைந்த நகல் ஒன்று வந்தது. மூலத் தாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தான். மூலையில் குண்டூசியால் ஒரு சீட்டு குத்தியிருந்தான். "தெரு தெற்கில் என்று வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறேன். சரியா என்று எழுதுங்கள். பிறகு மை போடுகிறேன்."

தெரு மேற்கில். தெருப் பக்கம் அவன் வைத்த பெரிய ஜன்னல்கள் வழியாக மத்தியானத்துக்கு மேல் சாய்கிற வெயில் நேராகப் பிள்ளைகள் முகத்தில் அடிக்கும். பார்த்த உடனே தெரிந்தது. சீட்டைக் கிழித்து எடுத்துப்போய் வீட்டு அடுப்பில் போட்டேன். பதில் எழுதவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அப்படியே மை போடுவான், அப்படியே கட்டுவார்கள், ஊரே அவனைத் திட்டும், வேலை என் பலகைக்குத் திரும்பி வரும். பிள்ளைகள் வேர்த்துக் கொட்டுவார்கள் என்பதும் தெரியும். எனக்கு வேலைதான் பெரிசாகத் தெரிந்தது.

அவன் மை போடவில்லை. முதலாளி தேறி ஆபீசுக்கு வந்த அன்றைக்கே, கால் நிறையப் புழுதியோடு வாசலில் வந்து நின்றான்.

"இன்னாப்பா, சொல்லாம கொள்ளாம வந்துகீற?" என்றார் முதலாளி.

"பதில் வரல சார். நேரா சைட்டுக்குப் போய்ட்டு வரேன். தெரு மேற்கால கீது. நான் தெற்குன்னு நெனச்சிக்கினு போட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை கேக்கறதுதானே?"

"சீட்டு வெச்சிருந்தேன் சார்."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "சீட்டு வந்துதா?"

"எனக்கு ஒண்ணும் வரல சார்" என்றேன்.

அவன் மேஜையில் கிடந்த தன் தாளை எடுத்தான். மூலையில் குண்டூசி அப்படியே இருந்தது. சீட்டைப் பிய்த்தவன் ஊசியை எடுக்க மறந்திருக்கிறேன். அவன் அதை மெதுவாக உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பஸ்ல எங்கனா கிழிஞ்சி வுழுந்திருக்கும் சார். கண்டக்டரு மூட்டைங்களுக்கு நடுவுல சொருகிக்கினு வராரு."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன், வேலையை உதறியிருப்பேன். அதற்கும் வழி விடவில்லை. ஏழு மாதமாக அவன் கையெழுத்தைக் கண்டு எரிந்தவன், அன்றைக்கு அவன் குணத்தைக் கண்டும் எரிந்தேன்.

முதலாளி அங்கேயே என்னிடம் முடிவு சொன்னார். "ஜொரம்னு படுத்தா இப்டி ஆவுது. இனிமே நீ சைட்டுக்குப் போ. அளந்து, தெச குறிச்சி இவனுக்கு அனுப்பு. வரையறத இவன் பாத்துக்கட்டும்."

என் பலகை பழைய தாள்கள் அடுக்கும் மேஜையானது. நான் டேப்பைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தேன். தப்பாகத் திசை குறித்து அனுப்பலாமா என்று பலமுறை தோன்றியது. ஒருமுறையும் செய்யவில்லை. நல்ல புத்தி வந்து அல்ல. செய்தால் அவன் மறுபடியும் பஸ் ஏறி வந்து என்னைக் காப்பாற்றிவிடுவான் என்கிற பயம்.

பள்ளிக்கூடம் கட்டி முடிந்தபின் ஒரு மத்தியானம் அளவு சரிபார்க்கப் போனேன். மேற்குச் சுவரில் சின்ன ஜன்னல்கள், மேலே ஆழமான சன்ஷேடு. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. எப்படி இருக்கிறது என்று முதலாளி கேட்டதற்கு, "அளவு சரியா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னேன்.