பூட்டனின் இரண்டு ஏக்கரும் என் ஏழு பேர்ச்சும்

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டு, சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்த மடையன் நான்.

தெரணியகலை டவுனில் பழைய காணி உறுதிப் பத்திரங்களைத் தேடித் தரும் ஒருவர், என் பூட்டன் பெயர் இருந்த ஒரு போட்டோகொப்பியைக் காட்டினார். தெஹியோவிட்டப் பக்கம் பூட்டனுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் காணி இருந்ததாம். உடனே எனக்குப் பெரியப்பா மகன் மேல் சந்தேகம். தோட்டத்து ஆபிஸில் வேலை செய்யும் அந்த அண்ணன் தன் தகரப்பெட்டியை ஏன் எந்நேரமும் பூட்டியே வைக்கிறார்? மூல உறுதி அதற்குள்தான்! மூன்று வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு அந்த உறுதி தேடும் மனுஷர், காணியை மீட்க என்று ஒரு சிங்களக் கடிதத்தை நீட்டினார். சிங்களத்தில் நான் சண்டையே பிடிப்பேன், வாசிக்கத்தான் தெரியாது.

"இங்கேயே சைன் வைங்க. சொந்தக்காரங்களுக்குக் காட்டிறாதீங்க" என்று அவசரப்பட்டார்.

அப்போதுதான் உறைத்தது. மூக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று புளுகி, கடிதத்தோடு நழுவினேன். எங்கள் குடும்பத்தில் சிங்களம் வாசிப்பவர் அண்ணன் மட்டும்தான். வேறு வழியில்லாமல் அவரிடமே நீட்டினேன்.

"ஒன் வீடு இருக்கிற ஏழு பேர்ச் காணியையும் விக்க அந்தாளுக்கு அதிகாரம் குடுக்கிறியாம்டா!"

என் பிள்ளைகளுக்கு இருப்பதே அதுதான். இப்போதெல்லாம் சிங்களத்தில் கல்யாணக் கார்டு வந்தால்கூட அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.

கடிதத்தை வாசித்துக் காட்டிய அன்றைக்கே அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, ஒங்களத்தான் கள்ளன்னு நெனச்சேன்."

"சந்தேகம் மட்டுந்தான்டா நம்ம பரம்பரைச் சொத்து."