மொட்டைக் கழுத்துக் கோழி

ஓசூரில் ஒரு தொழிற்சாலைச் சுவரோரம் இன்று கோழி வண்டி ஒன்று என்னைக் கடந்து போனது. அதன் ஈர இறகு வாசனையோடு, ஐம்பதுகளில் அதே இடத்தில் இருந்த எங்கள் வீட்டுப் பின்புறமும் அங்கே குவிந்து கிடந்த ராகி வைக்கோலும் நினைவுக்கு வந்தன.

அம்மா இறந்த பிறகு, ஆனேக்கல் பக்கத்திலிருந்து அப்பா கட்டிக்கொண்டு வந்த சின்னம்மாவுக்குக் கன்னடம்தான் வரும். அவள் தட்டுத்தடுமாறிப் பேசிய தமிழைக் கேட்டு வீட்டிலிருந்த அத்தைமார் சிரித்த சிரிப்பில், அவள் பேசுவதையே விட்டுவிட்டாள்.

எங்கள் கோழிகளில் ஒன்றை மற்றவையெல்லாம் கொத்திக் கொத்திக் கழுத்தை மொட்டையாக்கியிருந்தன. அது வைக்கோல் மூலையில் ஒரு முட்டைகூட இல்லாமல் அடைகாத்துக் கிடந்தது. அப்போதுதான் வேறொரு தாய்க்கோழியைக் காட்டுப்பூனை தூக்கிப்போக, பொரித்து இரண்டு நாளான அதன் குஞ்சுகள் கூடைக்குள் குளிரில் கத்திக்கொண்டிருந்தன.

"குஞ்சுங்கள அந்த மொட்டைக் கழுத்துக்கிட்ட உடாத, கொத்திக் கொன்னுப்புடும்" என்றாள் பெரியத்தை.

சின்னம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்ததும் ஒரு குஞ்சை உள்ளங்கையில் பொத்தி, அந்தக் கோழியின் வயிற்றடியில் நுழைத்தாள். கோழி அவள் கையைக் கொத்தியது, ரத்தம் கசிந்தது. கையை எடுக்காமல் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மெல்லக் கொத்தல் நின்று, கோழியின் தொண்டைக்குள்ளிருந்து 'க்ளுக், க்ளுக்' என்றொரு சத்தம் வந்தது. கூடையைச் சாய்த்ததும் மற்ற குஞ்சுகள் தாமாகவே ஓடி இறகுக்குள் புகுந்துகொண்டன.

"இல்லி பா" என்று தன் மொழியிலேயே என்னை அருகில் அழைத்து, என் கையையும் அந்த இறகுக்குள் வைத்தாள். அம்மா போன பிறகு அவ்வளவு கதகதப்பான இடத்தை நான் தொட்டதில்லை.

உள்ளே விளக்கேற்றினார்கள். சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் கேட்டது. எங்கள் இருவரையும் யாரும் கூப்பிடவில்லை.