முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை

ஆடி இரண்டாம் வெள்ளி என்று டைரியில் குறித்திருக்கிறேன். தி. நகர் அலுவலகத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது போன் வந்தது. மயிலாப்பூரை ஒட்டிய கடலோரத்தில் ஒரு சிறிய சுகாதார நிலையம். அங்கே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் பேசினார். அவர் டேப்பில் இருந்த செயலி நாங்கள் வடிவமைத்தது.

“சார், உங்க ஆப் என்னை மணலிக்கு அனுப்பப் போகுது.”

மாதாமாதம் மாத்திரை வாங்க வராதவர் பெயர் செயலியில் சிவப்பாகிவிடும். நர்ஸின் பட்டியலில் எங்கு பார்த்தாலும் சிவப்பு. அடுத்த ஆய்வுக் கூட்டத்திலும் இப்படியே இருந்தால் மாற்றல் என்று மேலிடம் மெமோ கொடுத்திருந்தது. அவர் வீடு வேளச்சேரியில்; மகள் படிப்பது அடையாறில். மணலி ஊரின் அந்தக் கோடி.

ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலைத் தாண்டி வரிசை. முதலில் நின்ற மீன்கார அம்மாவின் பெயரைத் தட்டினால் அதுவும் சிவப்பு.

“போன மாசம் நீங்க வரலைன்னு காட்டுதும்மா.”

“இன்னா நைனா, வராமயா இத்த துன்னுகினுகீறேன்?” காலி மாத்திரை அட்டையை என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

நர்ஸ் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். “ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டாங்க. உங்க ஆப் ‘நாள் வரவில்லை’ன்னு பதிவு பண்ண விடலை. மாத்திரையைக் கொடுத்துட்டு நோட்டுல எழுதிட்டேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, ‘நெட் வருதா பாருங்க’ன்னுவீங்க.”

ஒரே மாதத்தில் இரண்டு முறை மாத்திரை போய்விடக் கூடாதென்று, முப்பது நாளுக்கு முன் வரும் பதிவைத் தடுத்து வைத்தவன் நான்தான். நோட்டைச் சுவர்க் காலண்டருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். தேதிகள் எல்லாம் வெள்ளிக்கிழமைகள். வெள்ளியிலிருந்து முப்பதாம் நாள் ஞாயிறு.

“ஞாயித்துக்கிழமையும் காலையில திறந்துதானேம்மா இருக்கு?”

“நாயித்துக்கெயம நான் இங்க வந்து குந்திகினா, அங்க மீனு நீ விப்பியா? வெள்ளிக்கெயமதான் ஊரே மீன் துன்னாது. அன்னிக்குத்தான் எனக்கு ஒடம்ப பாக்க நேரம்.”

“அவரு வித்தா ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ கொசுறு குடுப்பாரு!” என்றது வரிசையில் ஒரு குரல்.

அன்று மாலையே முப்பதை இருபத்தெட்டாக்கினேன். வெள்ளிக்கு வந்தவருக்கு இனி வெள்ளியே வரும். மறுநாள் நோட்டிலிருந்த பழைய வருகைகளை நானும் நர்ஸும் ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஒவ்வொன்றும் பச்சையானது. தவறு செயலியுடையது, அந்த விதியை வைத்தவன் நான் என்று தேதி, கிழமைக் கணக்கோடு ஒரு கடிதமும் எழுதி, கூட்டத்துக்கு எடுத்துப் போகச் சொன்னேன்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை. பிற்பகலில் போன் வந்தது.

“மெமோவை வாபஸ் வாங்கிட்டாங்க சார்.”

“அப்பாடா!”

“வெள்ளிக்கிழமை வரிசையைச் சமாளிக்க இன்னொரு ஆளும் ஒரு டேப்பும் வேணும்னு கேட்டேன். ஆள் இல்லையாம். டேப்பை லெட்டர் எழுதின சாரையே கேளுங்கன்னாங்க. எப்ப கொண்டு வர்றீங்க?”