பன்னிரண்டு சொற்களுக்குள்

மில்லர்புரத்து மாடி அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடமாக விஜிலாவுக்கு ஒரே வேலை. வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில அகராதி அங்கே தயாராகிறது. ஒவ்வொரு சொல்லையும் நாக்கு நிற்கும் இடத்தில் புள்ளி வைத்து அசைகளாகப் பிரிக்க வேண்டும். பிறகு பன்னிரண்டு சொற்களுக்குள் பொருள் எழுத வேண்டும். சொல்லின் பொருளைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவளுடைய பக்கம் எதுவும் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. அதைத் திறமை என்பதைவிடப் பயம் என்பதுதான் சரி.

அன்று பட்டியலில் ‘பிரிஸ்யூம்’ (presume) என்ற சொல் வந்தது. ‘பிரி’க்குப் பின்னால் புள்ளி வைத்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து மேசை ஷெர்லின் எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, ஒரு வார்த்தைக்கு அரைமணி நேரமா? மீன்குழம்பா அது, கொதிக்கட்டும்னு உக்காந்திருக்கிய?”

விஜிலா சிரித்து வைத்தாள். பொருளையும் எழுதி முடித்தாள். அதே சொல் மூன்று வாரமாக அவள் கைப்பைக்குள் கிடந்தது. மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போன தோணி கவிழ்ந்து எட்டு மாதம். மற்றவர்களின் உடல்கள் கிடைத்தன. அவள் கணவன் ஃபிராங்க்ளின் மட்டும் கிடைக்கவில்லை. அவன் இறந்ததாகப் ‘பிரிஸ்யூம்’ செய்வதாகத் தோணி முதலாளி ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பியிருந்தார்.

திரேஸ்புரம் வீட்டில் மாமியார் பிளாரன்ஸ் தினமும் மகனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். விஜிலா கண் கலங்கினால், “உசிரோட இருக்கவனுக்கு எதுக்குளா அழுகை?” என்பாள். பெற்றவள் சம்மதிக்காமல் துக்க மணி அடிக்க முடியாது என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். மணி அடித்து, பூசை வைத்து, ஊர் கூடி ஒரே ஒரு தடவை வாய்விட்டு அழுதால் போதும் என்றிருந்தது விஜிலாவுக்கு.

சாயங்காலம் வீட்டில் கடிதத்தை எடுத்து மாமியாருக்கு வாசித்தாள்.

“அந்த இங்கிலீசுக்கு என்னளா அர்த்தம்?” என்றாள் பிளாரன்ஸ்.

செத்துப்போனார் என்று சொல்லத்தான் பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். வாய் திறந்தபோது காலையில் எழுதியதுதான் வந்தது.

“சாட்சி இல்லாம உண்மைன்னு எடுத்துக்கிடுதது, மாமி.”

“சாட்சி இல்லாமலா?” கிழவியின் முகம் எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தெளிந்தது. “அப்போ கண்டவன் எவனும் இல்ல. அவங்களே எழுதிட்டாவ, படிச்சவ நீயே சொல்லிட்ட. இனி எவளாவது மணிப் பேச்சு எடுக்கட்டும், பாக்கேன்.”

விஜிலா தான் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்தாள். திருத்த ஒன்றும் இல்லை.

“சோத்தைப் போடுளா” என்றாள் மாமி.

மூன்று தட்டுகளை எடுத்துக் கழுவினாள்.