மாமனார் முகாமுக்கு வந்த நாள்

கோயமுத்தூரை ஒட்டிய எல்லையோரச் சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் பகுதிநேர ராணுவத்தில் மருத்துவ உதவியாளன். அங்கே கிடைக்கும் பயிற்சி, பின்னாளில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக உதவும் என்று நம்பிச் சேர்ந்தேன். எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மாமனாருக்கு இது விளங்கவே இல்லை. அவர் அறிந்த பட்டாளத்துக்காரர்கள் வருடக்கணக்கில் வடக்கே இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்கள்.

"ஏனுங்க மாப்பிள்ள, பட்டாளத்துல அரைநேர வேலை எங்கீங்க இருக்குது?" என்று கல்யாணமான புதிதில் கேட்டார். விளக்கினேன். தலையாட்டினார். அதன்பிறகு மகளிடம்தான் கேட்டார்: நான் போனில் பேசும்போது பின்னால் என்ன சத்தம் கேட்கிறது, ஏன் சாயங்காலம் மட்டும் கூப்பிடுகிறேன் என்று. கேட்டுக் கேட்டு அவளுக்கும் சந்தேகம் தொற்றிவிட்டது. போன தடவை நான் முகாமிலிருந்து திரும்பியதும் சீருடையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். எதற்கு என்றேன். "சும்மாதானுங்க" என்றாள்.

இந்த வருட முகாம் கோயமுத்தூர்ப் பக்கம். ஒரு மதியம், கேட்டுக்கு எதிரே வெகுநேரமாக நின்று உள்ளே எட்டிப் பார்த்த ஆளைப் பிடித்திருப்பதாகவும், விசாரிக்கும்போதே மயங்கிச் சரிந்துவிட்டதாகவும் தகவல் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெஞ்சில் கிடந்தவர் என் மாமனார்.

பிரஷர் இறங்கியிருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்றிருக்கிறார். கால்களை உயர்த்தி வைத்தேன். கண் விழித்ததும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தேன். இவர் யார் என்று காவலில் இருந்த ஹவில்தார் கேட்டார். என் மனைவியின் அப்பா என்றதும் அவர் பார்வை என் மேலும் திரும்பியது. இருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். உரம் வாங்க வந்ததாக முதலில் சொன்ன மாமனார், பிறகு மருமகன் சொல்வது மெய்தானா என்று பார்க்க வந்ததை ஒப்புக்கொண்டாராம். ஹவில்தார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அனுமதி வாங்கி அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவர், "வேற ஒரு குடும்பம் இருக்குதோன்னு நெனச்சுட்டனுங்க" என்றார். கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி அவர் கையில் கொடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியே குனிந்து கேட்டார்.

"உங்களுக்குத் துப்பாக்கி குடுத்திருக்காங்களா?"

"குடுத்திருக்காங்க மாமா."

"நான் பாக்கலீங்களே" என்றார்.